மண்டிப் பூனைக்கு எலி கிடைத்த நாள்

கால்நடை மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் மாடுகளைப் பற்றிப் பேச என்னிடம் நிறைய இருக்கிறது. அவற்றில் பெரும்பகுதியை நீங்கள் கல்லூரியிலேயே என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். ஆகவே ஒரு பூனையைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் புதுக்கோட்டையில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் மருத்துவமனைக்கு ஊரில் மாட்டாஸ்பத்திரி என்றுதான் பெயர். உழவு மாடு, கறவை மாடு, ஆடு, எப்போதாவது ஜட்கா வண்டிக் குதிரை. பூனைக்கு வைத்தியம் என்று யாரும் வந்ததில்லை. பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் அது எங்காவது போய்ப் படுத்துக்கொள்ளும், தேறினால் திரும்பி வரும் என்று விட்டுவிடுவார்கள்.

வருஷத்தை முதலில் சரிசெய்து விடுகிறேன். என்னோடு இருந்த கம்பவுண்டர், இது நடந்தது 1958 என்று கடைசிவரை சாதித்தார். அப்படி இருக்க வழியில்லை. இந்தப் பூனை இருந்த அரிசி மண்டியில் நெல் அளக்கிற பழைய மரக்காலும் புதிதாக வந்த கிலோ எடைக்கற்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மண்டிக்காரர் கிலோவில் நிறுப்பார். வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரவேண்டும் என்பதற்காக அதே அரிசியை மரக்காலிலும் அளந்து காட்டுவார். எங்கள் பக்கத்தில் அந்த இரட்டை வேலை நடந்தது அறுபதுக்குப் பிறகுதான். ஆகவே 1961 மார்கழியில் தொடங்கி, 1962 தையில் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பவுண்டரும் பிற்பாடு, "சரி சார், உங்க வருஷமே இருக்கட்டும்" என்று விட்டுக்கொடுத்தார்.

ஒரு மார்கழிக் காலையில், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், துணி போட்டு மூடிய கூடையோடு வந்து மாட்டுக்காரர்கள் நடுவே நின்றார்.

"என்ன ஆத்தா, கோழியா?" என்று ஒருவர் கேட்டார்.

"பூனைங்க."

"பூனைக்கு ஆஸ்பத்திரியா! கொஞ்சம் தள்ளி ஒக்காருங்கய்யா, அடுத்து எலியும் வந்து வரிசையில நிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அவர் பெயர் தெய்வானை. திருக்கோகர்ணத்தில் நெல் அரிசி மண்டி வைத்திருக்கும் கருப்பையாவின் மனைவி. வீடும் மண்டியும் ஒரே கட்டடத்தில், முன்னும் பின்னுமாக இருந்தன.

கூடையைத் திறந்ததும் முதலில் வந்தது தைல வாடை. உள்ளே சாம்பல் நிறத்தில், கொஞ்சம் பருத்த பெண் பூனை ஒன்று கால்களை மடக்கிக்கொண்டு என்னை முறைத்தது.

"வயசு என்ன இருக்கும்மா?"

"மகராசா ஆட்சி போயி நம்ம சமஸ்தானம் இந்தியாவோட சேந்துச்சுல்லங்கய்யா, அந்த வருசம் பொறந்தது. சம்பா நெல்லு மூட்டைக்கு நடுவுல கண்ணு தெறக்காமக் கெடந்துச்சு. அதான் சம்பான்னு பேரு."

அப்படியென்றால் 1948. பதின்மூன்று வயது. பிறந்த வருஷம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த வேறொரு பூனையை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. எனக்கு அந்தப் பூனையின் மேல் ஒரு மரியாதை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

"என்ன செய்யுது?"

"விடிஞ்சு எந்திரிக்கும்போது கட்டையா இருக்குதுங்க. பின்னங்கால ஊன முடியலை. ரெண்டு மூணு எட்டு வச்சதும் ஒக்காந்துருது. முன்னெல்லாம் மூட்டை அடுக்கு மேல ஒரே தாவுல போகும். இப்ப வாசப்படியே தாண்ட மாட்டேங்குது. வெளியே போக முடியாம உள்ளயே இருந்துருது, அசிங்கமாப் போகுது. அதுல அவுகளுக்கு ஒரே கோவம்."

"என்ன தடவுனீங்க?"

"அவுகளுக்கு முட்டுவலிக்குத் தடவுற தைலந்தாங்க. சனிக்கிழமை நல்லெண்ணெ தேச்சு வெந்நியில குளிப்பாட்டியும் பாத்தேன்."

"குளிச்சுச்சா?"

"அத ஏன் கேக்குறீக." அவர் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். முழங்கை வரை கீறல்.

மூட்டுவலி வந்த மனிதருக்கு என்ன செய்வார்களோ அதையெல்லாம் பாசத்தோடு செய்திருந்தார். ஆனால் மனிதன் தன் காலை நக்குவதில்லை. பூனைமேல் எதைத் தடவினாலும் அது பொழுது சாய்வதற்குள் பூனையின் வயிற்றுக்குள் போய்விடும். தைலம் கூடாது, எண்ணெய் கூடாது, மனிதர் போட்டுக்கொள்ளும் தலைவலி மாத்திரையில் ஒரு துண்டுகூடக் கூடாது என்று சொன்னேன். மாத்திரையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அடுத்து அதைத்தான் கொடுத்துப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றியது. முகத்தைப் பார்த்தபோது, கொடுப்பதாகத்தான் இருந்திருக்கிறார் என்று தெரிந்தது.

நான் முதலில் வேலை பழகிய இடத்தில் எனக்கு மேலே ஒரு டாக்டர் இருந்தார். நடக்க முடியாத மிருகத்தை ஆஸ்பத்திரி மேஜையில் வைத்துப் பார்த்தால் பாதிதான் தெரியும், அது படுக்கிற இடத்தையும் போய்ப் பார்க்க வேண்டும் என்பார். அதுவரை அதை மாடுகளுக்குத்தான் கடைப்பிடித்து வந்தேன். அன்று மாலை சைக்கிளில் கம்பவுண்டரையும் அழைத்துக்கொண்டு திருக்கோகர்ணம் போனேன்.

மண்டிக்காரர் கருப்பையா கனத்த உடம்பு, கனத்த குரல். கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே வரவேற்றார்.

"வாங்க டாக்டரு. ஊர்ல மாடெல்லாம் சௌக்கியமாக்கும்? பூனை பாக்க வந்துட்டீங்க."

"மாடு பார்த்துட்டுத்தான் வர்றேன்."

"பாருங்க, நல்லாப் பாருங்க. ஆனா ஒண்ணு சொல்லிப்புடுறேன். இது மண்டி. இங்க பூனை இருக்கறது எலி பிடிக்க. தை அறுப்பு நெல்லு வந்து இறங்குனா எலி பட்டாளமா வரும். அதுக்குள்ள இது எலி பிடிச்சா இருக்கட்டும். இல்லாட்டி நம்ம கருவாட்டு லாரியில ஏத்தி விட்டுருவேன்."

மணமேல்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குக் கருவாடு ஏற்றி வரும் லாரி ஒன்று, திரும்பும்போது இவர் மண்டியில் அரிசி ஏற்றிக்கொண்டு போகும். வேண்டாத பூனையைச் சாக்கில் போட்டு வேற்றூரில் விட்டு வருவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். பூனையைக் கொல்வது பெரிய பாவம் என்பதால் அப்படி ஒரு வழி வைத்திருந்தார்கள்.

"கடலோரங்க. மீனு கருவாடுன்னு ராஜ வாழ்க்கை வாழும்" என்றார் கருப்பையா.

உள்ளேயிருந்து தெய்வானையம்மாளின் குரல் மட்டும் வந்தது. "நாலு எட்டு நடக்க முடியாதது அங்கிட்டு இருக்குற நாய்ங்ககிட்ட என்னாத்தத் தப்பிக்கும்? ராஜ வாழ்க்கையாம்!"

அவர் சொன்னதுதான் நிஜம். அந்த லாரியில் ஏறினால் அந்தப் பூனை ஒரு வாரம் தாங்காது. அது கருப்பையாவுக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். அந்தப் பேச்சைத் தொடராமல் ஒரு மூட்டையின் தையலைச் சோதிக்க ஆரம்பித்தார்.

பூனையின் இருப்பிடத்தைப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் படுக்கை. மார்கழிக் குளிரில் அந்தத் தரை ஐஸ் போல இருந்தது. வெளியே போக முழங்கால் உயர வாசற்படி. தண்ணீர் ஒரு மூலையில், சோறு இன்னொரு மூலையில். நகங்களைப் பிதுக்கிப் பார்த்தேன். வலியினால் அது எங்கும் பிறாண்டுவதை விட்டிருந்தது, ஆகவே நகங்கள் தேயாமல் வளைந்து வளர்ந்திருந்தன. வலது முன்னங்காலில் ஒரு நகம் சுருண்டு பாதத்துச் சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது. நொண்டலில் ஒரு பங்கு மூட்டினால் வந்தது. இன்னொரு பங்கு இந்த நகத்தால். பின்னங்காலைப் பற்றியே எல்லோரும் பேசியதால் முன்னங்காலை யாரும் பார்க்கவில்லை.

எங்களிடம் இருந்த நகம் வெட்டும் கருவி மாட்டுக் குளம்புக்கானது, பூனையைவிடப் பெரியது. கம்பவுண்டர் சாவிக்கொத்திலிருந்த தன் நகவெட்டியைக் கழற்றிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் அதை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மற்றதெல்லாம் அங்கேயே கிடைத்தது. சாக்கில் உமியை நிரப்பித் தைத்து மெத்தையாக்கச் சொன்னேன். பகலில் அதை வெயிலில் போட்டு வைத்தால் பொழுது இறங்கிய பிறகும் சூடு இருக்கும். மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் குட்டையாக வெட்டி, ஓரத்தை மடக்கி, நன்றாகக் கழுவி ஆற்று மணல் போட்டு உள்ளேயே வைக்கச் சொன்னேன். வெயில் விழும் ஜன்னலுக்குப் போக அரை மூட்டை, முக்கால் மூட்டை, முழு மூட்டை என்று படிபோல அடுக்கினோம். முதுகை அது எட்டி நக்க முடியாததால் தெய்வானையம்மாள் தினமும் ஒரு பழைய சீப்பால் வாரிவிட வேண்டும். நெய்ச்சோறு கிடையாது, பருத்த உடம்பைச் சுமப்பது அந்த மூட்டுகள்தான்.

"நெய்யி இல்லாம அது திங்காதுங்களே."

"பசிச்சா திங்கும்மா."

"இவுகளுக்கும் இதையே சொல்லுங்க" என்று கல்லாப் பக்கம் கையைக் காட்டினார்.

கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். கருப்பையாவின் காதில் விழும்படி உரக்கக் கேட்டார். "சரியாப் போயிருமுல்லங்கய்யா? பழையபடி எலி பிடிக்குமுல்ல?"

நான் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் கண்கள் தெளிவாகச் சொல்லின. கல்லாவிலிருந்து கருப்பையாவும் நிமிர்ந்து பார்த்தார். கம்பவுண்டர் என் சட்டையை லேசாக இழுத்தார்.

"வலி குறையும்மா. நடமாடும். வெயில் காலத்துல இன்னும் நல்லாவே இருக்கும். ஆனா இந்த மூட்டு தேஞ்சது தேஞ்சதுதான். எலி பிடிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். திரும்பும் வழியில் கம்பவுண்டர் பொருமிக்கொண்டே வந்தார். "ஒரு வார்த்தைதானே சார்? பிடிக்கும்னு சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு மாசம் ஓட்டியிருக்கலாம்."

ஓட்டியிருக்கலாம்தான். ஆனால் தையில் நெல் வந்து இறங்கும்போது என் பொய் வெளுத்திருக்கும். பிறகு நான் சொல்லும் எதற்கும் அந்த வீட்டில் மதிப்பு இருக்காது. மிருகத்தின் உடம்பைப் பற்றி நீங்கள் சொல்வதில் சர்க்கரை கலக்காதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்வது இதனால்தான். பின்னால் ஓர் அவசர நேரத்தில், காரணம் கேட்காமல் நீங்கள் சொன்னதை அவர்கள் செய்ய வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மண்டியில் எட்டிப் பார்ப்பேன். சம்பா உமி மெத்தையில் படுத்திருக்கும். மெதுவாக மூட்டைப் படி ஏறி ஜன்னலில் வெயில் காயும். ஒருநாள் லாரிக்கு மூட்டைகளை எடுத்தபோது படிக்கு வைத்திருந்த மூட்டைகளும் போய்விட்டிருந்தன. ஆனால் வேறு மூன்று மூட்டைகள் அதே ஒழுங்கில் அங்கே இருந்தன.

"யார் அடுக்கினது?" என்றேன்.

"கால்ல தடுக்குச்சு, நகத்தி வச்சேன்" என்றார் கருப்பையா, என்னைப் பார்க்காமல்.

ஆனால் எலி விஷயத்தில் அவர் இறங்கி வரவில்லை. இரண்டு சாக்குகள் கடிபட்டுவிட்டன. லாரி டிரைவரிடம் பொங்கல் கழிந்து வரும்போது பூனைக்கு ஒரு கூடை கொண்டுவரச் சொல்லிவிட்டார். தெய்வானையம்மாள் இதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் சண்டை இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது பொங்கலுக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் மாட்டுப் பொங்கலை ஒட்டிய நாட்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மஞ்சுவிரட்டுக்குப் போன காளைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நண்பகல் வேளை. அரிமளத்திலிருந்து வந்த ஒரு பெரிய மயிலைக் காளைக்குக் கொம்பு அடியோடு ஒடிந்திருந்தது. ரத்தத்தை நிறுத்திக் கட்டுப் போட்டு முடிக்கப் போகும் நேரம். காளைக்காரர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்போது வாசலில் ஒரு ஜட்கா வண்டி வந்து நிற்க, தெய்வானையம்மாள் இறங்கி ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு தூக்குவாளி.

"அய்யா! சம்பா எலி பிடிச்சிருச்சுங்கய்யா! ஒண்ணு இல்ல, ரெண்டு! சக்கரைப் பொங்கலு கொண்டாந்திருக்கேன். நீங்க பிடிக்காதுன்னீகளே!"

கம்பவுண்டர் கைதட்டாத குறை. காளைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். எனக்கும் ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் வாக்கு பொய்த்துப் போனதில் வந்த சந்தோஷம். அந்தக் கணத்தை நான் அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அந்தப் பூனையின் இடுப்பும் முழங்காலும் எனக்கு மனப்பாடம். அந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு ஓர் எலியைத் துரத்திப் பிடிக்க முடியாது. பூனைக்குப் புது வேகம் வர வழியில்லை என்றால், எலிக்குத்தான் ஏதோ ஆகியிருக்க வேண்டும்.

"எலி எங்க இருந்துச்சும்மா? ஓடுச்சா?"

"எங்கங்க ஓடுச்சு? பட்டப்பகல்ல நடுவூட்டுல தள்ளாடித் தள்ளாடித் தண்ணித் தொட்டியப் பாத்து வந்துச்சு. இது சும்மா கால நீட்டி அமுக்கிப் பிடிச்சிருச்சு."

"மண்டியில எலி மருந்து வச்சிருக்கா?"

"ஐயோ, இல்லைங்க. வைக்கக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கேனே…" அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

அந்தக் காலத்தில் கடைகளில் கிடைத்த எலி மருந்து, கறுத்த சாம்பல் நிறப் பொடி. பூண்டு வாடை வரும். அதைத் தின்ற எலி தாகமெடுத்து, பயம் மறந்து, தண்ணீர் தேடி வெளிச்சத்துக்கு வரும். அந்த எலியின் வயிற்றில் மருந்து அப்படியே இருக்கும்.

நான் காளையைப் பார்த்தேன். ரத்தம் நின்றிருந்தது, கட்டும் முக்கால்வாசி முடிந்திருந்தது. மிச்சத்தைக் கம்பவுண்டர் என்னைவிட அழகாகச் செய்வார். காளையின் உயிருக்கு ஆபத்து இல்லை. பூனைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பையை எடுத்துக்கொண்டு சைக்கிளை நோக்கி நடந்தேன்.

"என்னங்க இது?" என்று காளைக்காரர் பின்னாலிருந்து கத்தினார். "கொம்பு ஒடிஞ்சு என் காளை நிக்குது. பூனைக்கு எலி கெடச்சிருச்சுன்னு டாக்டரு விருந்துக்கு ஓடுறாரு! ஊருக்குள்ள போயி சொல்றேன் பாருங்க!"

அவர் அப்படியே சொன்னார். அடுத்த மாசிவரை அரிமளம் பக்கம் போனாலே எலி விருந்து எப்படி இருந்தது என்று கேட்டார்கள். அதற்கு நான் பதில் சொன்னதில்லை. யாருக்கு உங்கள் கை உடனே வேண்டும் என்று முடிவெடுக்கும்போது, சத்தம் போடுகிறவர் யார், பெரிய மிருகம் எது என்று பார்க்காதீர்கள். காத்திருக்க முடியாதது எது என்று மட்டும் பாருங்கள். திட்டு விழும். விழட்டும்.

ஜட்காவுக்கு முன்னால் நான் மண்டியை அடைந்தேன். உள்ளே கருப்பையா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சம்பா. வாயோரம் நுரை. அவர் இடது கையால் அதன் தலையைத் தாங்கிக்கொண்டு, வலது கையில் குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கை வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு சொம்பு நிறையப் பால்.

"நிறுத்துங்க! பால் கொடுக்காதீங்க!"

கனத்த மனிதர் திடுக்கிட்டுச் சங்கைக் கீழே போட்டார். பால் சிமெண்டுத் தரையில் ஓடியது.

"விசத்துக்குப் பாலுதானே டாக்டரு முறிவு?"

"இந்த விஷத்துக்கு இல்லை. பாலும் நெய்யும் சேர்ந்தா இது இன்னும் வேகமா உடம்புல ஏறும். எவ்வளவு போச்சு?"

"ஒரு வாயிதான். அதையும் துப்பிருச்சு."

ஏன், எப்படி என்று அவர் மேலே கேட்கவில்லை. நான் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். துணி துவைக்கிற சலவைச் சோடாக் கட்டியில் பட்டாணி அளவு ஒரு துண்டை உடைத்துப் பூனையின் நாக்குக்குப் பின்னால் தள்ளி வாயை மூடிப் பிடித்தேன். எங்களிடம் அப்போது இருந்த வழி அதுதான். உங்களுக்கு அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன, இதைப் பின்பற்ற வேண்டாம். கொஞ்ச நேரத்தில் அது வாந்தி எடுத்தது. பூண்டு வாடை குப்பென்று வந்தது, அந்த ஆவியும் விஷம்தான். கருப்பையாவை விலகச் சொல்லிவிட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்தேன். தூரத்தில் முதல் எலியின் மிச்சம் கிடந்தது. நெய்ச்சோற்றில் வளர்ந்த சம்பா அதன் குடலையும் வயிற்றையும் தின்னாமல் ஒதுக்கி வைத்திருந்தது. இரண்டாவது எலியை அது கடிக்கவே இல்லை. பிழைப்பதற்கு இடம் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

அடுப்புக்கரியை மாவாக இடித்துத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டும்போது தெய்வானையம்மாள் வந்து சேர்ந்தார். கீழே சிந்தியிருந்த பாலையும், கரி பூசிய பூனையையும், கணவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வச்சீகளா?"

"பரண் மேலதான் வச்சேன்" என்றார் கருப்பையா. "அதால ஏற முடியாதுல்ல? அதுக்கு எட்டாத எடமாப் பாத்துத்தான் வச்சேன். எலி குறைஞ்சா பூனைய அனுப்ப வேணாமேன்னு நெனச்சேன். எலி கீழ எறங்கி வரும்னு நான் கண்டேனா? நீ எலி பிடிச்சிருச்சுன்னு கத்திக்கிட்டு வண்டி பிடிக்க ஓடுற. கூப்புடலாம்னா வாயி வரலை."

அந்த அம்மாள் பூனையின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு முந்தானையால் பூனையின் மூக்கைத் துடைத்துவிட்டு, "பரண்ல ஏறுனீகளாக்கும், இந்த முட்டுவலியோட" என்றார்.

அன்று மாலைவரை நான் அங்கே இருந்தேன். மூச்சு சீராகியிருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. விளக்கேற்றும் நேரத்தில் சம்பா தலையைத் தூக்கி, கரி படிந்த தன் முன்னங்காலை இரண்டு தரம் நக்கிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் நிறுத்திக்கொண்டது. கருப்பையா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்த வாரம் லாரி வந்தபோது நான் மீண்டும் பூனையைப் பார்க்கப் போயிருந்தேன். டிரைவர் கையில் மூடி போட்ட பனையோலைக் கூடை.

"அண்ணே, பூனை எங்க? கூடை கொண்டாந்திருக்கேன்."

"கூடைய நீயே வச்சுக்க. அங்கிட்டு மணமேல்குடியில குட்டி கெடக்குமுல்ல? துடியா ரெண்டு பாத்துப் போட்டு அடுத்த நடைக்குக் கொண்டா."

"மீனு தின்ன குட்டி உங்க அரிசி மண்டியில நிக்குமாண்ணே?"

"நிக்கும். இங்க ஒருத்தி நெய்ச்சோறு போட்டு யானையையே வீட்டுப் பூனையாக்குவா."

டிரைவர் உமி மெத்தையைப் பார்த்தார். "அப்ப இந்தக் கெழடு?"

"அதுக்கு வேலை முடிஞ்சிருச்சுப்பா. வீட்டுல இருக்கட்டும்."

பரணை நானும் கம்பவுண்டரும் ஒட்டக் கழுவி, மருந்து கிடந்த இடத்தைச் சுரண்டிப் புதைத்தோம். கடற்கரைக் குட்டிகள் வந்து எலிகளைக் கவனித்துக்கொண்டன. சம்பா அவற்றைத் தன் மெத்தையில் சேர்க்கவில்லை. மார்கழி தோறும் விறைத்துக்கொள்வதும், பங்குனி பிறந்ததும் இளகி மண்டியைச் சுற்றி வருவதுமாக அது இருந்தது. நகம் வெட்டும் வேலையைக் கருப்பையா எடுத்துக்கொண்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு, கல்லாவில் ஆள் நின்றாலும் பொறுங்க என்று சொல்லிவிட்டு அதைச் செய்வார். நான் குணப்படுத்தியது என்று அந்தப் பூனையில் எதையும் காட்ட முடியாது. தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருந்தது. வலியோடு இருப்பதற்குத் தோதாக ஒரு வீடு அதைச் சுற்றித் தன்னை மாற்றி அமைத்துக்கொண்டது. முதுமைக்கு நம் தொழிலில் அதற்குமேல் பெரிதாகச் செய்ய ஒன்றும் இல்லை என்பதை நான் தெரிந்துகொண்டது அங்கேதான்.

1964-இல், ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஒரு காலையில், ஆஸ்பத்திரி வாசலில் கருப்பையா நின்றிருந்தார். கையில் கூடை இல்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கம்பவுண்டர் காப்பி வாங்கி வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நேத்து மத்தியானம் வெயில் அடிச்சுச்சுல்ல, ஜன்னல்ல படுத்திருந்துச்சு. சாயங்காலம் போயித் தொட்டுப் பாத்தா இல்லை."

"கஷ்டப்பட்டுச்சா?"

"இல்லைங்க. காலைல சோறு தின்னுச்சு. சின்னதுக ரெண்டையும் ஒரு அதட்டு அதட்டுச்சு." அவர் தோள் துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "யாருகிட்டயாவது சொல்லிவிடலாம்னு பாத்தேன். இதுக்கு நாந்தான் போகணும்னு வந்தேன்."

என்னையும் கம்பவுண்டரையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். கம்பவுண்டர் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போயிட்டு வாரேன்னு சொல்லலையே சார்" என்றார்.

இறப்புச் செய்தி சொல்ல வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் உட்காருவதில்லை, ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை, போகும்போது சொல்லிக்கொள்வதும் இல்லை. சொந்தக்காரர்களுக்குச் சொல்லும் முறை அது.